பால் காய்ச்சிய வண்டி

ஆனி மாதத்தின் கடைசி நாள் விடிந்தபோது அம்பிகாவின் கோலத்தில் ஒரு பச்சைப் புள்ளி இருந்தது.

அவள் வைத்த புள்ளி இல்லை. அவள் வைத்ததெல்லாம் வெள்ளை. குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இன்னொன்று விழுந்தது. நிமிர்ந்தாள். தலைக்கு மேலே வண்டியின் மூக்கு.

பெரம்பலூரில் அந்தத் தெருவில் வண்டியின் கதை தெரியாதவர் யாரும் கிடையாது. இந்த வாரம்தான் பத்திரிகையைக் கையில் எடுத்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடலாம்.

அம்பிகாவின் மாமனார் சாமிதுரைக்குத் தை மாதம் இடுப்பெலும்பு உடைந்து கம்பி வைத்தார்கள். படி ஏறக் கூடாது என்றார் டாக்டர். மூத்த மகன் ஜெயசீலன், அதாவது அம்பிகாவின் கணவன், குடியிருப்பது வாடகைக்கு எடுத்த மாடிப் போர்ஷன். இளையவன் அறிவுச்செல்வனுக்கு மீன்சுருட்டியில் சொந்த வீடு. ஆனால் கீழே முழுக்க உரக்கடை, குடும்பம் மேலே. ஆக, பெரியவருக்கு இரண்டு மகன்களும் இரண்டு மாடிகளும் இருந்தன. தரைதான் இல்லை.

ஊரில் எல்லோரும் செய்வதைத்தான் அண்ணன் தம்பியும் செய்தார்கள். மாசம் ஒரு வூடு என்று முறை வைத்தார்கள். ஒரே ஒரு திருத்தம்: அப்பாவைத் தூக்கிக்கொண்டு அலைவதற்குப் பதில் அறையையே ஓட்டிக்கொண்டு போய்விடுவது. பழைய டூரிஸ்ட் வேன் ஒன்றைப் பிடித்து, கரூரில் ஒரு பட்டறையில் விட்டு, கட்டில், கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி, ஒற்றை அடுப்பு எல்லாம் வைத்து வாங்கினார்கள். தெருப் பிள்ளைகள் அதைக் கேரவன் என்றன. உள்ளே எந்த நடிகர் என்று முதல் வாரம் கூட்டம்கூடக் கூடியது. சாமிதுரை ஜன்னலில் முகத்தைக் காட்டியதும் கலைந்தது.

தையிலிருந்து ஆனி வரை எல்லா மாதமும் பெரம்பலூர் முறையாகவே போனது. முதலில் வண்டி கட்டி முடியவில்லை. பிறகு வண்டிக்குப் பேப்பர் வரவில்லை. பிறகு மீன்சுருட்டியில் வாசலுக்குச் சிமெண்ட் போட்டுக் காயவில்லை. இந்தச் சிமெண்ட் மட்டும் ஏன் ஒன்றரை மாதம் காய்ந்தது என்று சிமெண்ட் ஆலைகளுக்கு நடுவே வாழும் அரியலூர்க்காரர்களால்கூடச் சொல்ல முடியவில்லை.

இன்று எப்படியும் கிளம்பியே ஆக வேண்டும். நாளைக்கு ஆடி. ஆடியில் யாரும் குடி மாற மாட்டார்கள்.

“வண்டிக்கு என்ன குடி, என்ன ஆடி?” என்று ஜெயசீலன் போனில் கேட்டுப் பார்த்தான். தம்பி பெண்டாட்டி சண்முகப்பிரியா போனை அம்பிகாவிடம் கொடுக்கச் சொன்னாள்.

“அக்கா, வண்டி வந்தன்னிக்கு அதுக்குள்ள பால் காய்ச்சினீங்கல்ல? குரூப்ல போட்டோ போட்டீங்கல்ல? பால் காய்ச்சினா அது வூடுதான்க்கா. ஆடியில ஒரு வூட்டைக் கொண்டாந்து எங்க வாசல்ல நிறுத்தினா நல்லாவா இருக்கும்? பொழுது சாயறதுக்குள்ள வந்துருங்க. இல்லன்னா ஆவணியில பாத்துக்கலாம்.”

அந்தப் போட்டோவை எடுத்தது அம்பிகாதான். பொங்கும் பால், பின்னணியில் கழிப்பறைக் கதவு. அப்போது மங்களகரமாகத்தான் தெரிந்தது.

ஆவணி வரை அம்பிகாவால் பொறுக்க முடியாது. செந்துறையில் தனியாக இருக்கும் அவள் அம்மா சின்னப்பிள்ளைக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. வேளாவேளைக்குச் சொட்டு மருந்து விட வேண்டும். பக்கத்து வீட்டு ஜெயசித்ரா ஞாபகம் வந்தால் விடுகிறாள்; வந்த ஞாபகத்தில் ஒருதரம் மாத்திக் கண்ணில் விட்டிருக்கிறாள். மகன்களைப் பெற்றவருக்கு முறை உண்டு. ஒற்றை மகளைப் பெற்றவளுக்கு, மாமனார் கிளம்பினால்தான் மகள் உண்டு.

இப்படிப்பட்ட காலையில்தான் கோலத்தில் பச்சை.

பச்சை என்றால் என்னவென்று அம்பிகாவுக்குத் தெரியும். கரூர்ப் பட்டறைக்காரர் வண்டியை ஒப்படைத்தபோது ஜெயசீலன் போன் பேசிக்கொண்டிருந்தான். அவர் சொன்னதெல்லாம் இவளிடம்தான்.

“எடுக்கறதுக்கு முன்னாடி, இன்ஜின் ஆறியிருக்கறப்பவே பாத்துருங்கம்மா. ஆயில் கம்பிய உருவித் தொடச்சுத் திரும்ப விட்டுப் பாக்கணும். கூலண்ட் டப்பாவுல, அதாம்மா இன்ஜின ஆத்துற தண்ணி, ரெண்டு கோட்டுக்கும் நடுவுல நிக்கணும். பெல்ட்டு, பிரேக் ஆயில், டயர் காத்து. அப்புறம் தரையக் குனிஞ்சு பாருங்க. கறுப்பாச் சொட்டுனா ஆயிலு, பச்சைன்னா கூலண்ட்டு. வெறும் தண்ணின்னா ஏசி, அதுக்குப் பயப்படாதீங்க. இதுக்குள்ள ஒரு வூடே இருக்கு, அதனால வேகம் அறுபது. தாண்டணும்னாலும் முடியாது, கவர்னர் வச்சிருக்கேன்.”

கவர்னர் என்பது எதையும் வேகமாகப் போகவிடாமல் பிடித்து வைத்திருக்கும் பொருள் என்று அம்பிகா புரிந்துகொண்டாள்.

பானெட்டைத் தூக்கினாள். டப்பாவில் தண்ணீர் கீழ்க்கோட்டுக்கும் கீழே கிடந்தது.

சொன்னால் ஜெயசீலன் ஷெட்டுக்குப் போன் போடுவான். ஷெட்டுக்காரர் சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்பார். அவர் சாப்பிட்டு முடிப்பதற்குள் ஆடி பிறந்துவிடும்.

ஒரு சொம்பு தண்ணீரை டப்பாவில் ஊற்றினாள். ரேடியேட்டருக்கு இல்லாவிட்டாலும் மனசாட்சிக்கு அது போதும் போலிருந்தது. பிறகு கோலமாவை எடுத்து, பச்சைப் புள்ளிகளின் மேல் வெள்ளைப் புள்ளி வைத்தாள். கோலம் முன்பைவிட அழகாகவே வந்தது.

*

டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. மீட்டர் கண்ணாடிக்கு முன்னால் குட்டிப் பிள்ளையாரை உட்கார வைத்து, செவ்வந்திச் சரமும் சாத்தியாயிற்று. ஸ்டியரிங்குக்குச் சந்தனம். பின்னால் கட்டிலில் சாமிதுரை, தலைக்கு மூன்று தலையணை, கைக்கு எட்டும் தூரத்தில் காலிங்பெல் சுவிட்ச்.

வண்டி கிளம்பிக் கவுல்பாளையம் தாண்டுவதற்குள் பெல் அடித்தது. ஜெயசீலன் முதுகுக்குப் பின்னால் இருந்த சின்ன ஜன்னலை அம்பிகா தள்ளித் திறந்தாள்.

“என்ன மாமா?”

“டம்ளர் நகருதும்மா.”

“புடிச்சுக்கங்க மாமா.”

“டம்ளரப் புடிச்சா என்னைய யாரு புடிக்கறது? பார்சல்ல போட்டிருந்தாக்கூட மேல ‘உடையும் பொருள்’னு ஒட்டியிருப்பாங்க. உன் புருசன்கிட்ட சொல்லு, ஒருதரம் ஒடைஞ்சிருச்சு, கம்பியும் புதுசுன்னு.”

அம்பிகா மீட்டரைப் பார்த்தாள். செவ்வந்திக்கு மேலே வேகமானியின் பாதி மட்டும் தெரிந்தது. முள் எண்பதில்.

“ஏங்க, அறுபதுக்கு மேல போவாதுன்னாரே?”

“போவும்.”

“கவர்னர்?”

“போன வாரமே ஒயரக் கழட்டி விட்டுட்டேன்.” ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான் ஜெயசீலன். பள்ளிக்கூடத்தில் வணிகவியல் நடத்துகிறவன். ஒரு நாள் தற்செயல் விடுப்புக்குள் ஒரு தகப்பனைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். “ராகுகாலம் வர்றதுக்குள்ள அங்க இருக்கணும். அது தப்பினா பொழுது சாயறதுக்குள்ளயாவது. அறுபதுல போனா தம்பி பொண்டாட்டி கேட்டப் பூட்டிட்டு உக்காந்துக்கும்.”

“உள்ள தண்ணித் தொட்டி ரொம்பியிருக்கு. வளைவுல சாயுது பாருங்க.”

“சாயட்டும், விழுவாது.”

பேரளி போயிற்று. சிமெண்ட் லாரிகள் சேர ஆரம்பித்தன. ஒவ்வொரு லாரியையும் முந்தும்போது வண்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு முக்கியது. பின்னால் அடுப்பின் மேல் ஏதோ பாத்திரம் உருண்டது. சாமிதுரை இப்போது பெல் அடிக்கவில்லை. அதுதான் அம்பிகாவைப் பயமுறுத்தியது.

பாகு அடிபிடித்ததுபோல ஒரு வாசனை லேசாக வந்தது.

“என்னமோ கருகுது இல்ல?” என்றான் ஜெயசீலன்.

“லாரி,” என்றாள் அம்பிகா.

சொல்லிவிட்டுப் பிள்ளையாரைப் பார்த்தாள். அவர் தொப்பைக்குப் பின்னால்தான் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் இருக்கிறது. அவளே வைத்த பிள்ளையார். காலையில் வைக்கும்போது வேறு இடமும் இருந்தது. இந்த இடம்தான் கைக்கு வந்தது.

அம்மா மருந்துப் புட்டியைத் தடவித் தடவித் தேடிக்கொண்டிருப்பாள் என்று நினைத்தாள். பின்னால் கட்டிலுக்கு அடியில் அடுப்புக்கான கேஸ் சிலிண்டர் இருப்பதையும் நினைத்தாள். முதலில் நினைத்தது எது என்று பின்னால் யோசித்தபோது அவளுக்கே தெரியவில்லை.

வாசனை முற்றியது. கையை நீட்டிப் பிள்ளையாரை நகர்த்தினாள்.

முள் சிவப்புக் கோட்டைத் தாண்டிப் போய் முட்டிக்கொண்டு நின்றது.

“நிறுத்துங்க.”

“இன்னும் கொஞ்சம் போனா அரியலூரு.”

“நிறுத்துங்கன்றேன்ல! மாமா உள்ள இருக்காரு!”

கல்யாணமான நாளிலிருந்து அவள் அந்தக் குரலில் பேசியதில்லை. ஜெயசீலன் வண்டியை ஓரம் கட்டிவிட்டுத்தான் அவளைத் திரும்பிப் பார்த்தான். லாரிகள் எடை போடும் மேடை ஒன்றின் பக்கத்தில் வண்டி நின்றது. மூக்கிலிருந்து வெள்ளை வெள்ளையாக ஆவி. சில மாதம் முன்னால் அதே வண்டிக்குள் பால் பொங்கியபோது கைதட்டியவர்கள் யாரும் இப்போது பக்கத்தில் இல்லை.

ஜெயசீலன் குதித்து இறங்கிப் பானெட்டைத் தூக்கினான். தோள் துண்டை உருவி ரேடியேட்டர் மூடியில் சுற்றினான். அம்பிகா ஓடிவந்து இரண்டு கையாலும் அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

“தொறக்காதீங்க! கொதிதண்ணி மூஞ்சில அடிக்கும். ஆறணும்.”

“தண்ணி இருக்கான்னு பாக்க வேணாமா?”

“இருக்காது. காலையிலயே இல்ல.”

ஒரு லாரி எடைமேடையில் ஏறி நின்றது. ஜெயசீலன் மூடியிலிருந்து துண்டை எடுத்தான்.

“காலையிலயே இல்லன்னா?”

“கோலத்துல பச்சையாச் சொட்டியிருந்துச்சு. டப்பாவுல தண்ணி கீழ்க்கோட்டுக்கும் கீழ எறங்கிப்போயிருந்துச்சு. ஒரு சொம்பு ஊத்துனேன். மேல மாவு போட்டு மூடிட்டேன்.”

“தெரிஞ்சுமா அப்பாவ ஏத்துன?”

“ஆமாங்க.”

“சிலிண்டர் இருக்கு. அவரால எந்திரிக்கக்கூட முடியாது. பத்தியிருந்தா?”

“கவர்னரக் கழட்டுனது நீங்க.”

“அது வேற.”

“எப்படிங்க வேற? எண்பதுல மிதிக்காம இருந்தா இவ்ளோ கொதிச்சிருக்குமா?”

“அம்பிகா, நீ பேச்ச மாத்தாத.”

பெல் அடித்தது. நின்றுபோன வண்டியில் அந்தச் சத்தம் ரொம்பப் பெரிதாகக் கேட்டது. இரண்டு பேரும் பக்கவாட்டு ஜன்னலுக்குப் போனார்கள். சாமிதுரையின் முகம் வேர்த்து மினுங்கியது. கையில் டம்ளர் அப்படியே இருந்தது.

“சண்டைய எனக்குக் கேக்கற மாதிரி போடுங்க. ஒருபக்கம்தான் கேக்குது.”

“ஒண்ணுமில்லப்பா. தண்ணி கொறஞ்சிருச்சு.”

“கொறஞ்சது எனக்குத் தெரியாதாக்கும்? விடியக்காலம் நான் ஜன்னல்லதானே உக்காந்திருந்தேன். பச்சை விழுந்ததையும் பாத்தேன். இவ மாவு போட்டதையும் பாத்தேன்.”

 அம்பிகா வண்டியின் உடம்பில் கையை ஊன்றினாள். தகரம் சுட்டது. எடுக்கவில்லை.

“ஏன் மாமா சொல்லல?”

“சொன்னா என்னம்மா சொல்லுவீங்க? கெழவனுக்குப் போவ மனசில்ல, சாக்கு சொல்றான்னுவீங்க.” டம்ளரை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டார். “போவ மனசில்லதான். அது வேற. நீ ஒங்கம்மாவப் பாக்கப் போவணுமேன்னுதான் வாய மூடிக்கிட்டேன். சொம்புத் தண்ணி தாங்கும்னு நானும் நெனச்சேன்.”

ஜெயசீலன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். ஒரு குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஓட்டை அவனுக்கு மட்டும் தெரியாமல் இருந்திருக்கிறது. குடும்பத் தலைவன் என்ற பதவியில் இது அடிக்கடி நேர்வதுதான்.

*

இன்ஜின் ஆறியபின் ஒரு குடம் தண்ணீர் குடித்தது. நத்தை மாதிரி ஊர்ந்து அரியலூரில் ஒரு ஷெட்டுக்கு வந்தார்கள். உள்ளே போன மெக்கானிக் தலையை ஆட்டிக்கொண்டே வெளியே வந்தார்.

“ஹோஸ் பைப்ப மாத்திட்டேன் சார். ஆனா ரேடியேட்டர்லயும் கசிவு இருக்கு. கழட்டி வெல்டு வைக்கணும், நாளைக்குத்தான் ஆவும்.”

“மீன்சுருட்டி போய்ச் சேந்துடலாமா?”

“அவ்ளோ தூரம் வேணாம் சார். பக்கத்துல எங்கயாச்சும்னா போங்க. நாப்பதத் தாண்டாதீங்க. கேன்ல தண்ணி வச்சுக்குங்க. நடுவுல நிறுத்தி, ஆற விட்டுப் பாருங்க.”

ராகுகாலம் எப்போதோ வந்து போயிருந்தது. வெயில் சாயத் தொடங்கியிருந்தது. மீன்சுருட்டி தூரம். பெரம்பலூரும் தூரம். ஷெட் வாசலில் அப்பாவோடு ஆடியை வரவேற்பதா என்று ஜெயசீலன் தலையைச் சொறிந்தான்.

“செந்துறைக்கு விடுங்க,” என்றாள் அம்பிகா.

“எங்க?”

“எங்கம்மா வூட்டுக்கு. பக்கம். வாசல்ல எடம் இருக்கு. குழாய் இருக்கு.”

“சம்பந்தி வூட்டு வாசல்லயா அப்பாவக் கொண்டுபோய் நிறுத்தறது? ரெண்டு ஆம்பளப் புள்ள இருக்கறப்ப? ஊரு சிரிக்கும் அம்பிகா.”

“ஆடிக்குப் பொண்ணு தாய்வூட்டுக்குப் போறது வழக்கம்தானே?”

“பொண்ணு போவா. மாமனாரக் கூட்டிக்கிட்டுப் போவாளா?”

வண்டிக்குள்ளிருந்து சாமிதுரையின் குரல் வந்தது. “தம்பி, வண்டி வந்ததுலேர்ந்து நான் தெருவுலதான் படுத்திருக்கேன். ஊரு சிரிச்சு முடிச்சிருச்சு. வண்டிய எடு.”

ஜெயசீலன் ஏறி உட்கார்ந்தான். அம்பிகா பிள்ளையாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சூட்டு முள் இப்போது பளிச்சென்று தெரிந்தது. நாற்பதில் போனார்கள். டிராக்டர் ஒன்று அவர்களை முந்திக்கொண்டு போனது. டவுன் பஸ் முந்தியது. முள் நடுவை விட்டு நகரும்போதெல்லாம் அம்பிகா “நிறுத்துங்க” என்றாள். அவன் ஏன் என்று கேட்காமல் நிறுத்தினான். அன்று அவன் கற்ற ஒரே பாடம் அதுதான். அதுவும் செந்துறை வரைக்கும்தான் நிற்கும்போல இருந்தது. முகம் கடுகடுவென்றே இருந்தது.

பொழுது சாயும் நேரத்தில் வாசலில் போய் நின்றார்கள். சின்னப்பிள்ளை கறுப்புக் கண்ணாடியோடு நிலையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

“எந்த ஆஸ்பத்திரி வண்டிங்க? நாங்க ஏற்கெனவே ஆபரேஷன் பண்ணிக்கிட்டோம்.”

“நான்தாம்மா. ஆடிக்கு வந்திருக்கேன்.”

“அம்பிகாவா? இவ்ளோ பெரிய வண்டியிலயா? கூட யாரு?”

ஜன்னல் நகர்ந்தது. “நான்தான் தங்கச்சி, சாமிதுரை. வண்டிக்குக் கொஞ்சம் தண்ணி வேணும். எனக்கும்.”

சின்னப்பிள்ளை ஒரு கணம் தடுமாறினாள். பிறகு முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள். “வாங்கண்ணே,” என்றாள், வண்டிக்கு எதிர்ப்பக்கம் பார்த்து.

அம்பிகா அவளை வண்டியின் படியில் உட்கார வைத்து, தலையை நிமிர்த்தி, சரியான கண்ணில் மருந்து விட்டாள். சாமிதுரை ஜன்னல் வழியே செல்போன் வெளிச்சம் பிடித்தார். சொட்டு கண்ணுக்குள் விழுந்தது. இதற்காகத்தான் அந்த இன்னொரு சொட்டை மூடினாள். மூடியது மூடியதுதான், ஜெயசீலனின் முகம் இன்னும் இளகவில்லை.

போன் அடித்தது. சண்முகப்பிரியா.

“அக்கா, கேள்விப்பட்டேன். வண்டி செந்துறையில நிக்குதாமே? நல்லதாப் போச்சு, அங்கயே இருக்கட்டும். இப்ப எங்க வூட்டுக்குக் கொண்டாற வேணாம்.”

“சரி பிரியா.”

“ஒண்ணு மட்டும் பேசிக்கிடுவோம்க்கா. ஆடி எங்க முறை. நீங்களா வேற எடத்துல வச்சுக்கிட்டாலும் அது எங்க முறையில கழிஞ்ச மாதிரிதானே? ஆவணி பொறந்தா உங்க முறை. எங்க வூட்டுக்காரரும் அதத்தான் சொல்றாரு. நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்கன்னு தெரியும், நம்மளுக்குள்ளயே வச்சுக்குவோம். என்னக்கா, சரிதானே?”

அம்பிகா போனைக் காதிலிருந்து எடுத்தாள். வண்டியின் மூக்குக்கு அடியில், அம்மா வாசலின் மண்ணில், ஒரு சொட்டு விழுந்தது. ஜெயசித்ரா போட்டுவிட்டுப் போயிருந்த கோலத்தின் மாவு டப்பா கைக்கு எட்டும் தூரத்திலேயே இருந்தது.

“ஏங்க,” என்று சத்தமாகக் கூப்பிட்டாள். “இங்க வாங்க. இன்னும் சொட்டுது.”

ஜெயசீலன் குழாயடியிலிருந்து வாளியோடு வந்தான். அம்பிகா போனை ஸ்பீக்கரில் போட்டாள். சாமிதுரையின் ஜன்னலுக்குக் கீழே, எல்லோருக்கும் நடுவில், அதைப் பிடித்துக்கொண்டாள்.

“பிரியா, இப்ப சொன்னியே, அத இன்னொருதரம் சொல்லு. இங்க எல்லாரும் இருக்கோம்.”